மீஸான் கல்லும் மினாராவும்

ஓர் ஊரின் பழைமையைக் காட்டுங்கள் என்று யாரேனும் கேட்டால் நாம் அண்ணாந்து பார்ப்பது வழக்கம். கோபுரம் எத்தனை நிலை, தாதுகோபம் எத்தனை முழம், மினாரா எவ்வளவு உயரம் என்று கணக்கெடுக்கத் தொடங்குகிறோம். திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்து வாழும் முஸ்லிம் மக்களின் பழைமையை அறிய விரும்புவோருக்கு இவ்வழக்கம் உதவாது. அவர்கள் குனிந்து பார்த்தல் வேண்டும். இங்கே அப்பழைமை வானை நோக்கி எழவில்லை; மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறது. இதனை உணராமையினால் நமக்கு நேர்ந்துவரும் இழப்பை எடுத்துச் சொல்லவே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

ஒரு பெண்ணின் கல்

நம் துறைமுகத்தில் நிக்கல்சன் குடா என்று ஆங்கிலேயர் பெயரிட்ட கடலொதுக்கு ஒன்று உண்டு. அங்கே காணப்பட்ட பழைய மீஸான் கற்களுள் ஒன்று ஒரு பெண்ணின் அடக்கத்தலத்தில் நாட்டப்பட்டது. பத்ருத்தீன் ஹுஸைன் பின் அலீ அல்-ஹலபீ என்னும் தலைவரின் மகள் அவள் என்று அதிலுள்ள அரபு எழுத்துக்கள் கூறுகின்றன. ஹிஜ்ரி 729ஆம் ஆண்டு, அதாவது கி. பி. 1329இல், அவள் மறைந்தாள். ‘ஹலபீ’ என்றால் ஹலப் நகரத்தார் என்பது பொருள். சிரியா நாட்டில் இன்று அலெப்போ என்று உலகம் அழைக்கும் நகரமே அந்த ஹலப்.

இச்சிறு செய்தியைச் சற்று ஆழ்ந்து சிந்தித்தல் நன்று. அக்காலத்து வணிகன் பருவக்காற்றோடு வந்து பருவக்காற்றோடு திரும்புபவன். ஓர் ஆடவனின் கல்லறை மட்டும் கிடைத்திருந்தால், வழிப்போக்கன் ஒருவன் நோயுற்று இங்கே இறந்தான் என்று சொல்லி நாம் அமைதி அடைந்திருக்கலாம். ஆனால் இக்கல் ஒரு மகளைப் பற்றிப் பேசுகிறது. மகள் இருந்த இடத்தில் வீடு இருந்திருக்கும்; உறவினரும் அயலவரும் இருந்திருப்பர். அவளுக்காக ஜனாஸாத் தொழுகை நடத்தியவர் ஒருவர் இருந்திருப்பார். அரபு எழுத்தைப் பிழையின்றி வரைந்து கொடுக்கக் கற்றவர் ஒருவரும், அதனைக் கல்லில் வெட்டக் கைப்பழக்கம் உள்ளவர் ஒருவரும் இருந்திருப்பர். எல்லாவற்றுக்கும் மேலாக, நாளும் தொழுவதற்கு ஓர் இடம் இருந்திருக்கும்.

புகழ்பெற்ற யாத்திரிகர் இப்னு பத்தூதா இலங்கைக்கு வந்தது 1344ஆம் ஆண்டில். இப்பெண் இறந்து பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னர். அவர் புத்தளக் கரையில் இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராக இருந்து, பாவாத மலையைத் தரிசித்து, தெவிநுவரையும் காலியும் கொழும்பும் சென்று மீண்டார். கிழக்குக் கரைக்கு அவர் வரவில்லை. ஆதலால் நம் துறைமுகத்துக்கு அவருடைய சாட்சியம் இல்லாமற் போயிற்று. அவர் எழுதாமல் விட்ட ஏட்டை இந்த ஒற்றைக் கல் எழுதி வைத்திருக்கிறது என்று கூறினால் அது மிகையாகாது.

கொழும்பிலும் இத்தகைய கல் ஒன்று இருந்தது. ஹிஜ்ரி 337, கி. பி. 948 என்ற ஆண்டைத் தாங்கிய கூஃபி எழுத்துக் கல் அது. முஸ்லிம்களின் மையவாடியிலிருந்து ஏறத்தாழ 1787ஆம் ஆண்டில் ஒல்லாந்த அதிகாரி ஒருவர் அதனை எடுத்துச் சென்று, இன்னதென்று அறியாமல், தம் வீட்டுக்குப் படிக்கல்லாக இட்டுவிட்டார். பிரதம நீதியரசராக விளங்கிய சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரன் அதன் அருமையை உணர்ந்து, அறிஞர் சாமுவேல் லீயைக் கொண்டு மொழிபெயர்ப்பித்து, 1827இல் உலகறியச் செய்தார். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் நின்ற எழுத்தை மனிதர் பல ஆண்டுகள் மிதித்து நடந்தனர். பகைமையால் எவரும் மிதிக்கவில்லை. வாசிக்கத் தெரியாமையால் மிதித்தனர். நம் காலத்து இழப்புகளும் பெரும்பாலும் இவ்வகையினவே.

பள்ளி எங்கே போயிற்று?

கல் இருக்கிறது, அக்கல்லுக்குரியவள் வாழ்ந்த நாளில் தொழுகை நடந்த பள்ளி எங்கே? இக்கேள்விக்கு விடை காண்பதற்கு முன்னர், அப்பள்ளி எத்தகைய கட்டடமாக இருந்திருக்கக் கூடும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பள்ளிவாசல் என்றவுடன் குவிமாடமும் மினாராவும் நம் கண்முன் தோன்றுகின்றன. ஆனால் இஸ்லாத்தின் முதற் பள்ளிகளுள் தலையாயதாகிய மதீனத்துப் பள்ளி எப்படி இருந்தது? கி. பி. 622இல் நபிகள் நாயகம் அந்நகருக்குக் குடிபெயர்ந்த பின் எழுந்த அக்கட்டடத்தின் சுவர் பச்சைச் செங்கல், தூண் ஈச்சமரத்து அடிமரம், கூரை ஈச்சோலை. அதற்குக் குவிமாடமும் இல்லை, மினாராவும் இல்லை. கையில் கிடைத்த மரத்தையும் மண்ணையும் கொண்டு நிழல் அமைத்து, வரிசையாக நிற்க இடம் செய்தார்கள். அவ்வளவே.

ஈச்சமரம் இல்லாத நம் கரையில் தென்னையும் பனையும் அந்த வேலையைச் செய்திருக்கும். களிமண் சுவர், முதிரை அல்லது பாலை மரத்தூண், கிடுகுக் கூரை, ஒரு கிணறு, கால்முகம் கழுவ நீர்த்தொட்டி என்று இருந்த ஒரு பள்ளியை, ஆண்டுதோறும் வரும் வாடைக்காற்றும் மாரிமழையும் எத்தனை தலைமுறை விட்டு வைத்திருக்கும்? ஒவ்வொரு தலைமுறையும் அதனைப் பிரித்து மேய்ந்து மீண்டும் எழுப்பியிருக்கும். கட்டடம் புதிது, இடம் பழையது. இவ்வுண்மையை நெஞ்சில் இருத்திக்கொள்ளாமல் கிழக்கிலங்கைப் பள்ளிகளின் வரலாற்றை எழுத முற்படுவது வீண் முயற்சி.

இதனோடு துறைமுகத்தின் விதியும் சேர்ந்துகொண்டது. ஆழமும் அடக்கமும் வாய்ந்த இவ்வியற்கைத் துறைமுகத்தைக் கண்ட எந்த வல்லரசும் அதனை விட்டுச் செல்ல மனங்கொள்ளவில்லை. 1620களில் வந்த போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைப் பிடித்தனர். 1782இல் பிரெஞ்சுக்காரர் சிறிது காலம் வைத்திருந்தனர். 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றி, 1957 வரை கடற்படைத் தளமாக ஆண்டனர். 1942 ஏப்ரல் 9ஆந் தேதி யப்பானிய விமானங்கள் இங்கே குண்டு பொழிந்தன. நீரோரத்து நிலம் இவ்வாறு நூற்றாண்டுக் கணக்கில் படைத்துறையின் நிலமாயிற்று. வணிகர் வாழ்ந்த கரையில் பீரங்கிகள் நின்றன. பழைய பள்ளி ஏதேனும் நீர்க்கரையில் இருந்திருக்குமாயின், அதற்கு நிலைத்து நிற்க வாய்ப்பு மிகக் குறைவு.

கேரளக் கரையில் நிலைமை சற்று வேறு. கோழிக்கோட்டில் மித்கால் என்ற மரக்கல நாயகனின் பெயர் தாங்கிய மிஸ்கால் பள்ளி நிற்கிறது. அடுக்கடுக்கான சாய்கூரையும் மரவேலையும் கொண்டது, குவிமாடம் இல்லாதது. 1510இல் அல்புகெர்க்கின் படை அதற்குத் தீ வைத்தது. ஊரார் மீண்டும் எழுப்பினர். ஆனால் அவர்கள் ஒன்று செய்தார்கள். தீப்பட்ட மரங்களுள் சிலவற்றை மேற்றளத்தில் அப்படியே இருக்க விட்டார்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் கருகல் பேசுகிறது. பழுது பார்த்தல் வேறு, பழையதை அழித்தல் வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு சொல்லின் சாட்சியம்

நான் அப்பள்ளிகளில் தொழுபவன் அல்லன். அவற்றின் அயலில் வாழ்பவன். ‘உமக்கு ஏன் இந்த வேலை?’ என்று நண்பர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார். அவருக்கு ஒரு சொல்லையே விடையாகத் தருகிறேன்.

‘பள்ளி’ என்பது தமிழில் மிகப் பழைய சொல். துயிலும் இடத்துக்கும், துறவோர் உறைவிடத்துக்கும், கல்விச்சாலைக்கும் அது பெயராயிற்று. சமணர் உறைவிடம் பள்ளி. பௌத்தர் உறைவிடமும் பள்ளி. கொல்லத்தில் 849ஆம் ஆண்டுச் செப்பேடு கிறித்தவர் கோயிலைத் தரிசாப்பள்ளி என்கிறது. அதே செப்பேட்டில் அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் பெயர் வருகிறது. சாட்சிகள் கூஃபி, பஹ்லவி, எபிரேய எழுத்துக்களில் கையொப்பம் இட்டிருக்கின்றனர். இங்கே, நம் திருகோணமலையில், பெரியகுளத்தின் அருகே வெல்கம் விகாரை உண்டு. சோழர் காலத்தில் அப்பௌத்த ஆலயத்துக்குத் தமிழர் நன்கொடை அளித்துக் கல்லெழுத்துப் பொறித்தனர். அக்கல்வெட்டுக்களில் அதன் பெயர் இராசராசப் பெரும்பள்ளி.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பௌத்த விகாரையைக் குறித்த அதே சொல்லால்தான் நாம் இன்று முஸ்லிம்களின் தொழுகைத்தலத்தைப் பள்ளிவாசல் என்கிறோம். இச்சொல்லைக் கடலுக்கு அப்பாலிருந்து எவரும் கொண்டுவரவில்லை. இவ்வூரின் மொழி, வந்து சேர்ந்த வழிபாட்டைத் தன் வீட்டுச் சொல்லால் அழைத்து உள்ளே இருத்திக்கொண்டது. அச்சொல்லைப் பேசுகிற ஒவ்வொருவனுக்கும் அக்கட்டடத்தில் ஒரு சிறு உரிமை உண்டு. அது ஆளும் உரிமை அன்று. அக்கறை கொள்ளும் உரிமை.

அயலவர் அக்கறை கொள்வது இந்நாட்டில் புதிதுமன்று. நம் கொட்டியாரக் குடாவில் 1660ஆம் ஆண்டில் சிறைப்பட்ட ஆங்கில மாலுமி ரொபேட் நொக்ஸ், கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்து, தப்பிச் சென்று, 1681இல் தம் நூலை வெளியிட்டார். கண்டியில் முஸ்லிம்களுக்கு ஒரு பள்ளி இருந்ததையும், காணியுடைய குடிகள் ஒவ்வொருவரும் அதற்குச் சிறுபணம் கொடுக்கும்படி முன்னைய அரசர் விதித்திருந்ததையும் அவர் குறித்திருக்கிறார். அதற்கு முன்னரே, போர்த்துக்கேயர் 1626இல் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்று மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான்; நாலாயிரம் பேர் என்பது வழிவழி வரும் கணக்கு. மூதூரில் நொக்ஸ் சிறைப்பட்டதாகச் சொல்லப்படும் மரத்தடியில் ஆங்கில ஆட்சியினர் நினைவுக்கல் நாட்டினர். அடைக்கலம் பெற்று வந்தவர்களின் முதற் பள்ளிகளுக்கு அப்படிக் கல் நாட்ட எவருக்கும் தோன்றவில்லை.

குவிமாடம் வந்த கதை

பள்ளிவாசல் எங்கெங்கு எழுந்ததோ அங்கங்கு அந்நாட்டின் உடையை உடுத்திக்கொண்டது. சீனத்தின் சியான் நகரப் பெரும்பள்ளியைத் தொலைவிலிருந்து பார்ப்போர் அதனைச் சீன ஆலயம் என்றே கொள்வர். யாவகத்தின் தெமாக் பள்ளிக்கு மூன்றடுக்குச் சாய்கூரை. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய பள்ளிகள் கருங்கல் தூண் வரிசையும் போதிகையும் கொண்ட மண்டபங்கள். உருவச் சிற்பம் ஒன்றுமின்றிப் பூவும் கொடியும் கோலமுமாகத் தமிழ்த் தச்சர் அவற்றைச் செதுக்கியிருக்கின்றனர். நம் நாட்டில் காலிக் கோட்டையுள் இருக்கும் பள்ளியை முதன்முதலாகப் பார்ப்பவன் கிறித்தவ தேவாலயம் என்றே மயங்குவான். கொழும்புப் புறக்கோட்டையில் 1908–1909இல் எழுந்த ஜாமிஉல் அல்பார் பள்ளி, செங்கல்லும் வெண்சுண்ணமும் கோடிட்டதுபோல மாறி மாறி அமைந்து தனக்கென ஓர் அழகு படைத்தது.

ஆகவே, ‘உண்மையான பள்ளி’ இவ்வாறுதான் இருக்க வேண்டும் என்று ஓர் இலக்கணம் எக்காலத்திலும் இருந்ததில்லை. 1970களுக்குப் பின், நம் இளைஞரும் பெண்களும் வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்றனர். பணம் வந்தது, அங்கே கண்ட கட்டடங்களின் வடிவமும் கண்ணோடு வந்தது. சீமெந்துக் கொங்கிறீற்றில் குவிமாடம் வார்ப்பது எளிதாயிற்று. தாழ்வாரமும் ஓட்டுக் கூரையும் கொண்ட பழைய பள்ளி ஏழ்மையின் அடையாளமாகத் தோன்றிற்று. இடித்துப் பெரிதாகக் கட்டுவது ஊருக்கு மதிப்பாகக் கருதப்பட்டது.

இடிபட்டவற்றோடு எவையெவை போயின என்பதை எண்ணிப் பாருங்கள். மழைக்கும் வெயிலுக்கும் தோதாக அமைந்த தாழ்ந்த கூரையும், நாற்புறமும் காற்றோடும் திண்ணையும் போயின. வழிப்போக்கன் இரவு தங்கிய இடம் அத்திண்ணைதான். சிறுவர் ஓதப் பழகிய இடமும் அதுவே. பச்சைப்பாசி படிந்த கல் ஹவுழ் போயிற்று. அதன் இடத்தில் வெண்ணிற ஓடு பதித்த சுவரும் குழாய் வரிசையும் வந்தன. முதிரை மரத்தில் தச்சன் கடைந்த மிம்பர் விறகாயிற்று. கட்டியவன் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் பொறித்த நிலைக்கல் அத்திவாரத்துள் புதைந்தது. 

மற்றொரு நுட்பமும் உண்டு. நம் ஊரிலிருந்து மக்கமாநகரின் திசை நேர்மேற்கு அன்று. மேற்கிலிருந்து வடக்கே சற்று விலகியது. பழைய பள்ளிகள் சிலவற்றில் கட்டடம் நேர்மேற்கு நோக்கி நிற்க, தொழுகை வரிசைக் கோடுகள் மட்டும் சாய்வாக வரையப்பட்டிருக்கக் காணலாம். முன்னோர் எக்கருவியைக் கொண்டு திசையறிந்தனர், பின்னோர் எப்போது திருத்தினர் என்ற அறிவு வரலாறு முழுவதும் அந்தச் சாய்கோட்டில் அடங்கியிருக்கிறது. கட்டடத்தை இடித்துக் கிப்லாவுக்கு நேராக எழுப்பியபின் அவ்வரலாற்றை எங்கே போய்த் தேடுவது?

எதிர்வாதங்கள்

பழையதைக் காக்க வேண்டும் என்று சொல்வோருக்கு எதிராக எழும் வாதங்கள் வலுவற்றவை அல்ல. அவற்றை மதித்து விடை கூறுதல் கடன்.

‘பள்ளி தொழுவதற்கு, காட்சிச்சாலை அன்று. ஐம்பது பேருக்குக் கட்டியதில் ஐந்நூறு பேர் எப்படி நிற்பது?’ என்பர். உண்மையே. வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் வீதியில் பாய் விரித்துத் தொழுவோரைப் பார்த்தவன் விரிவாக்கத்தை மறுத்துப் பேச மாட்டான். பெரிதாகக் கட்டுங்கள். கட்டும்போது பழைய உள்மண்டபத்தை நடுவில் வைத்து நாற்புறமும் விரிக்க இயலுமா என்று முதலில் கேளுங்கள். இயலாதெனின், இடிக்குமுன் அளந்து வரைந்து வையுங்கள். நான் கேட்பது இவ்வளவே.

‘கல்லறைக்கும் கட்டடத்துக்கும் சிறப்புச் செய்வது மார்க்கத்துக்கு ஒவ்வாது’ என்று சிலர் கூறுவர். அவ்வழக்கினுள் புகுந்து தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் கல்லை வணங்கும்படி நான் கேட்கவில்லை, வாசிக்கும்படி கேட்கிறேன். ஹலப் தலைவரின் மகளுக்கு எழுத்து வெட்டி வைத்தோர், பின்வருவோர் வாசிப்பர் என்று எண்ணியே வெட்டினர்.

‘மண்ணால் கட்டியது அழிவது இயல்பு, அதில் மரபு என்ன இருக்கிறது?’ என்போரும் உளர். ஆபிரிக்காவின் மாலி நாட்டில் ஜென்னே நகரப் பெரும்பள்ளி முழுவதும் மண்ணாலானது. இப்போதுள்ள கட்டடம் 1907இல் எழுந்தது. ஆண்டுதோறும் ஊர் முழுவதும் திரண்டு வந்து அதற்கு மண் பூசுகிறது. அங்கே மரபு சுவரில் இல்லை; பூசும் கையில் இருக்கிறது. நம் ஊரில் ஆண்டுதோறும் கூடிக் கூரை மேய்ந்த கைகளும் அத்தகைய மரபை உடையனவே. அக்கைகளின் நினைவு இன்னும் முதியோர் சிலரிடத்தில் உயிரோடு இருக்கிறது.

வேண்டும்போது சுவரைக் காக்க நம் மக்களுக்குத் தெரியாமலும் இல்லை. 1990 ஆகஸ்ட் 3ஆந் தேதி காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனியாப் பள்ளியிலும் இரவுத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அச்சுவர்களில் பதிந்த குண்டுத் துளைகளை ஊரார் பூசி மறைக்கவில்லை. துயரத்தின் சாட்சியத்தைச் சுவரில் காத்து வைக்க அறிந்தவர்கள், வாழ்வின் சாட்சியத்தையும் காக்க வல்லவர்களே.

இப்போது ஏன்?

இவ்வேலை அவசரமானது என்று நான் கூறுவதற்குக் காரணம் உண்டு. கிழக்கில் இன்று தொன்மை என்பது அறிஞர் மட்டும் பேசும் பொருளாக இல்லை. காணி வழக்கின் கருவியாகிவிட்டது. 2020 ஜூன் மாதத்தில், கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென்று ஜனாதிபதிச் செயலணி ஒன்று நியமிக்கப்பட்டது. மக்களுள் பெரும்பாலோர் தமிழ் பேசுவோராக இருக்கும் மாகாணத்துக்கான அச்செயலணியில், தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிமோ ஒருவர்கூட இருக்கவில்லை. மக்கள் அஞ்சியதில் வியப்பில்லை.

சட்டத்தின் நிலையும் நோக்கத்தக்கது. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச்சட்டம் 1815 மார்ச் 2ஆந் தேதியை எல்லைக்கோடாக வைத்துப் பண்டைய சின்னங்களை வரையறுக்கிறது. கல்லில் கட்டிய சமயங்களுக்கு இக்கோடு துணை செய்யும். மரத்திலும் மண்ணிலும் கட்டித் தலைமுறைதோறும் புதுக்கி வந்தோருக்கு இது பாதகமாகும். அவர்களுடைய இடம் அறுநூறு ஆண்டுப் பழைமை உடையதாக இருக்கலாம். கட்டடமோ அறுபது ஆண்டுக்கு மேற்படாது. அப்படிப்பட்டவர்களுக்குப் பதிவேடே கற்றூண். அதனையும் இழந்தால், ‘நேற்று வந்தவர்கள்’ என்று எவனும் சொல்லிவிடலாம்.

ஆனால் இந்த அச்சத்துக்கு மருந்து, நாமும் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு ‘இது எமக்கு மட்டுமே உரிய மண்’ என்று எதிர்க்கூச்சல் இடுவதன்று. நம் மாவட்டத்தின் மூன்று எழுத்துக்களை ஒருசேர வாசித்துப் பாருங்கள். கோட்டை வாயிலில் மீன் இலச்சினையோடு கூடிய தமிழ்க் கல்வெட்டு, இடிக்கப்பட்ட சைவ ஆலயத்தை நினைவூட்டுகிறது. வெல்கம் விகாரையில் தமிழர் பௌத்தப் பள்ளிக்கு ஈந்த நன்கொடை எழுத்தாக நிற்கிறது. நிக்கல்சன் குடாவில் சிரியாவை வேராகக் கொண்ட முஸ்லிம் குடும்பத்தின் மகள் உறங்குகிறாள். இம்மூன்றையும் அறிந்தவனுக்குத் தனியுரிமை பேச நா எழாது. ஒன்றை மட்டும் அறிந்தவனே உரக்கப் பேசுகிறான்.

செய்ய வேண்டுவன

பெரும்பொருள் வேண்டாத சில பணிகளைக் கூறி முடிக்கிறேன்.

1956ஆம் ஆண்டு வக்பு சட்டத்தின்படி பள்ளிவாசல்கள் பதியப்படுகின்றன. அப்பதிவு நிருவாகத்துக்கானது. அதனோடு ஒவ்வொரு பள்ளியும் தனக்கென வரலாற்றேடு ஒன்று திறத்தல் வேண்டும். கட்டடத்தின் நீள அகலம், தூண்களின் எண்ணிக்கை, மரத்தின் வகை, கூரையின் அமைப்பு, கிணறும் ஹவுழும் இருக்கும் இடம், திசை ஆகியவற்றை அளந்து எழுதுங்கள். கையில் உள்ள தொலைபேசியே இன்று படக்கருவியாகவும் இருக்கிறது; ஒவ்வொரு சுவரையும் படம் பிடியுங்கள்.

மையவாடியில் உள்ள எழுத்துடைய மீஸான் கற்களை இடம் பெயர்க்காமல், ஈரத்தாளை ஒற்றி மைப்படி எடுக்கச் செய்யுங்கள். கல்லை நகர்த்தினால் எழுத்து பிழைக்கும்; ஆனால் அது எவ்விடத்தின் சாட்சி என்பது போய்விடும். சுண்ணாம்பு பூசி ‘அழகு’ செய்வதையும் தவிருங்கள்.

பழைய கணக்கேடுகளையும், காணி உறுதிகளையும், அரபுத்தமிழில் எழுதிய குறிப்பேடுகளையும் பிரதி செய்து இரண்டு இடங்களில் வையுங்கள். 2004 டிசம்பர் 26இல் கிண்ணியாவிலும் மூதூரிலும் கடல் ஏறியது. 2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் போருக்கு அஞ்சி உடுத்த உடையோடு ஊரை விட்டு நடந்தனர். அத்தகைய நாளில் குழந்தையைத் தூக்குவார்களே அல்லாமல் ஏட்டுப் பெட்டியை எவர் தூக்குவார்? ஒரே இடத்தில் இருக்கும் ஏடு பாதி இழந்த ஏடுதான்.

மரைக்காயர்மாரும் லெப்பைமாரும் மோதினார்களுமாகப் பணிசெய்து முதுமை எய்தியோரைத் தேடிச் சென்று கேளுங்கள். எந்த மரத்தைப் பிளந்து இந்த மிம்பர் செய்யப்பட்டது, எந்த ஊர்த் தச்சர் செய்தார், கூரை மேய வந்த அயலூரார் யாவர் என்று கேளுங்கள். தமிழ்த் தச்சனும் கொத்தனும் அவ்வேலையில் கைகொடுத்த செய்திகள் பல வெளிவரும் என்பது என் நம்பிக்கை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அருகிலேயே இருக்கிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்குள்ள மாணவர்க்கு இதனினும் பயன்மிக்க ஆய்வுப்பொருள் எது?

புதுப்பள்ளி கட்டியே தீரவேண்டும் என்னும் ஊரார் பழையதில் ஒரு கூறையாவது புதியதனுள் கொண்டு வாருங்கள். ஒரு தூண் போதும். ஒரு கதவு போதும். ஆண்டு பொறித்த நிலைக்கல் ஒன்று போதும். கோணேசர் ஆலயம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இடிபட்டுக் கிடந்து 1963இல் குடமுழுக்குக் கண்டது. இடைக்காலத்தில் அதனைக் காத்தவை நினைவும் எழுத்தும் எஞ்சிய கற்களுமே. கட்டடம் இல்லாத காலத்திலும் ஒரு தலம் உயிரோடு இருக்க முடியும் என்பதற்கு இத்துறைமுகமே சான்று. நினைவு போனபின் எவ்வளவு உயர்ந்த கட்டடமும் அதனை மீட்டுத் தராது.

மினாரா உயரட்டும், அதன் ஒலி கடல்வரை கேட்கட்டும். அதற்கு முன், அளவுநாடா ஒன்றும் கொப்பி ஒன்றும் எடுத்துக்கொண்டு, இந்த வாரமே ஊருக்கு இருவர் தம் பழைய பள்ளியினுள் செல்லட்டும். அயலவனாகிய நானும் நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆயத்தமாக இருக்கிறேன்.